இருபத்து மூன்று ஊற்றுகளும் ஒரு கழித்தலும்

கொல்லிமலையில் எனக்கு வேலை கிடைத்தபோது வீட்டில் அத்தா ஒருவர்தான் போகச் சொன்னார். அடிவாரத்து ஊரில் எங்களுக்கு மிளகுக் கடை. மிளகு வாங்குவதற்காக வாரா வாரம் செம்மேட்டுச் சந்தைக்கு மலையேறி இறங்கியவர் அவர். "அங்க மனுசங்களுக்குப் பயப்பட வேண்டாம். பஸ்சுக்குத்தான் பயப்படணும். எலுமிச்சம்பழம் ஒண்ணு கையில வெச்சுக்க" என்றார். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் என் பைக்குள் ஸ்வெட்டர் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஒரு டைப்பிங் சென்டரில் பத்திரங்களைத் தட்டிக்கொண்டிருந்தவள் நான். செம்மேட்டில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் சிறிய தொண்டு நிறுவனம் ஒன்று நடந்துவந்தது. மலையின் ஒரு பகுதியான திருப்புலி நாட்டில் ஊர் ஊராகப் போய், குடிக்கத் தண்ணீர் எடுக்கும் ஊற்றுகளை அளந்து, ஒரு வரைபடம் போட வேண்டும் என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை. அந்த வருஷம் அவர்களால் ஒரே ஒரு தண்ணீர்த் தொட்டிதான் கட்ட முடியும். எந்த ஊருக்கு அது மிகவும் தேவை என்பதை வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்வதாகத் திட்டம். ஆள் பிடித்து, சிபாரிசு பிடித்துத் தொட்டி வாங்குவதை ஒழிக்க வேண்டும் என்று திட்டப் பொறுப்பாளர் சொல்வார். பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்ற எஞ்சினியர் அவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் சட்டையின் மேல் பட்டனைத் திருகிக்கொண்டே பேசுவார்.

என்னோடு வேலைக்கு இருந்தது மலையிலேயே பிறந்த ஒரு பெண். என்னைவிட மூன்று வயது மூத்தவர், நான் அக்கா என்று கூப்பிடுவேன். பத்தாவது வரை படித்தவர். எந்த ஒற்றையடிப் பாதை எந்த ஊரில் போய் முட்டும் என்பது அவருக்குத் தெரியும். முதல் சுற்று கார்த்திகையில் நாங்கள் இருவரும் சேர்ந்து போனோம். நான் ஜிபிஎஸ் கருவியை வானத்துக்குக் காட்டி இடத்தைக் குறித்துக்கொள்வேன். அக்கா ஊற்றடியில் பச்சை பிளாஸ்டிக் குடத்தை வைப்பார். குடம் நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுதுவோம். ஒன்று முதல் இருபத்து மூன்று வரை, நடந்த வரிசையிலேயே எண் போட்டோம். கார்த்திகை மழையில் எல்லா ஊற்றும் ஓடிக்கொண்டிருந்ததால் எனக்கு ஒரு ஊருக்கும் இன்னொரு ஊருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அட்டை கடித்ததும் வழுக்கி விழுந்ததும்தான் நினைவில் நின்றன.

மாசியிலும் பங்குனியிலும் நடந்த சுற்றுகளுக்கு அக்காவே ஒரு கூலியாளைத் துணைக்கு வைத்துக்கொண்டு போனார். நான் ஆபீசில் உட்கார்ந்து, வந்த எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். பனி ஈரம் பட்டுக் கெட்டுவிடும் என்று அந்தக் கம்ப்யூட்டருக்கு ராத்திரியில் துண்டு போர்த்தி வைப்போம். கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அதனால் நாலு வரி எழுதினால் ஒருமுறை சேமிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

நான் எழுதியது ஒரு சின்ன நிரல். வரைபட வேலைக்கென்றே வெளிநாட்டில் யாரோ எழுதி இலவசமாக இணையத்தில் போட்டிருந்த, லைப்ரரி என்று சொல்லும் ஒரு நிரல் தொகுப்பை, நாமக்கல்லில் ஒரு பிரவுசிங் சென்டரில் அரை நாள் உட்கார்ந்து இறக்கிக்கொண்டு வந்திருந்தேன். அந்த லைப்ரரி ஊற்று இருக்கும் புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும். இன்னொரு பக்கம் தண்ணீர் அளவுகளை ஒரு பட்டியலாக வைத்திருந்தேன். பட்டியலில் இருந்து ஒன்றை எடுக்க ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, எத்தனையாவது இடம் என்று சொன்னால் போதும். புள்ளியையும் அளவையும் இப்படி ஜோடி சேர்த்தால், ஓட்டம் நிற்காத ஊற்று நீலமாகவும் இடைப்பட்டது மஞ்சளாகவும் வற்றுகிற ஊற்று சிவப்பாகவும் வரைபடத்தில் வந்துவிடும்.

ஒன்றுதான் தொல்லை. பட்டியல் தன் இடங்களைப் பூஜ்ஜியத்தில் இருந்து எண்ணும். என் நோட்டில் ஒன்று என்று இருப்பது அங்கே பூஜ்ஜியம். இது எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன். அதனால் கவனமாக, ஒவ்வொரு எண்ணிலும் ஒன்றைக் கழித்து எடுக்கும்படி எழுதினேன். நிரல் எந்தப் பிழையும் காட்டாமல் ஓடியது. பிரிண்டரில் இருந்து வரைபடம் வெளியே வந்தபோது மை காய்வதற்குள் அதைத் தொட்டுப் பார்த்தேன். கட்டை விரலில் நீலம் ஒட்டிக்கொண்டது.

வரைபடத்தில் ஒரே ஒரு புள்ளிதான் கடும் சிவப்பாக இருந்தது. நாங்கள் முதன்முதலில் போன ஊர் அது. ரோட்டில் இருந்து கொஞ்ச தூரம்தான். பாறைக்கு அடியில் ஊற்று, அதற்குக் கீழே படி படியாகச் சின்ன வயல்கள். தொட்டி அந்த ஊருக்குத்தான் என்று பொறுப்பாளர் முடிவு செய்தார். அக்கா அப்போது இல்லை. அவருடைய தங்கைக்குச் சிக்கலான கர்ப்பம், பிரசவம் முடியும்வரை சேலம் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தார்.

சித்திரையில் அந்த ஊர் மரத்தடியில் கூட்டம் போட்டு, வரைபடத்தை ஒரு கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டோம். பொறுப்பாளர் விளக்கிச் சொன்னார். முப்பது பேர் இருப்பார்கள். முன்னால் நின்ற ஒரு பெரியவர் சிவப்புப் புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது எங்க ஊத்துங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"எங்க ஊத்து வத்துனதா எனக்கு நெனவில்லீங்களே."

பொறுப்பாளர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், "மூணு தடவ அளந்து கணக்குப் போட்டிருக்கோமுங்க. கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லாதுங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. தொட்டி வருகிறது என்றதும் எல்லாரும் சந்தோஷப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் அமைதியாகக் கலைந்து போனார்கள். மலைக்காரர்கள் இப்படித்தான் போலிருக்கிறது, எதையும் வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனி பிறந்து பத்து நாள் இருக்கும். தொட்டிக்கு இடம் அளந்து சுண்ணாம்புப் பொடியால் கோடு போட நானும் ஒரு மேஸ்திரியும் அந்த ஊருக்குப் போனோம். பாறையடியில் தண்ணீர் சளசளவென்று கொட்டிக்கொண்டிருந்தது. மேஸ்திரி குனிந்து முகம் கழுவினார், குடித்தார், இன்னொரு முறை குடித்தார். "ஏம்மா, இதா வத்திப்போன ஊத்து?" என்றார். வைகாசியில் மழை பெய்திருக்கிறது, அதனால் ஓடுகிறது என்று நான் சொன்னேன். எனக்கும் அந்தப் பதில் போதுமானதாகத் தோன்றியது.

ஊற்றுக்கு நேர் கீழே இருந்த வயலில் ஒரு பெண் புல் பிடுங்கிக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். எங்களைப் பார்த்ததும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மேலே ஏறி வந்தார்.

"கண்ணு, ஒண்ணு கேக்கோணும். இந்த ஊத்து எப்ப வத்தும்?"

எனக்குப் புரியவில்லை.

"படத்துல சேப்பா போட்டிருந்தீங்களே. ஆடியிலயா, ஆவணியிலயா? தெரிஞ்சுதுன்னா அதுக்குத் தக்கன பாத்துக்குவோம்."

அவர் வயலைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் நானும் சரியாகப் பார்த்தேன். மற்ற ஊர்களில் வழியெல்லாம் நாற்றங்கால் பச்சைப் பசேல் என்று நின்றது. இங்கே ஊற்றுக்குக் கீழே இருந்த அவருடைய நாலு வயலும் வெறும் சேறாகக் கிடந்தன.

"நாத்து விடலீங்களா?"

"எப்படி விடறது சாமி? நாத்த விட்டு, நட்டு, தண்ணியில்லாம கருகுனா வெதையும் போச்சு, பாடும் போச்சு. ஊட்டுல ரெண்டு பேரும் பேசிப் பாத்தோம். இந்த வருசம் கப்பக்கெழங்கோட நிறுத்திக்கலாமுன்னு உட்டுட்டோம். பக்கத்துக் காட்டுக்காரங்களும் அப்படித்தான்."

நாங்கள் பங்குனியில் வற்றியது என்று சொன்னதை, இனிமேல் வற்றப் போகிறது என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வேறு எப்படி எடுத்துக்கொள்ள முடியும்? தங்கள் ஊற்று இதுவரை வற்றியதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் தப்பாகச் சொல்லாது என்று நான் சொல்லியிருக்கிறேன். இரண்டும் உண்மை என்றால், மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். "ஆபீசுல கேட்டுட்டு வாரேனுங்க" என்று மட்டும் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். மேஸ்திரியிடம் சுண்ணாம்புக் கோடு போட வேண்டாம் என்றேன்.

மத்தியானம் ஆபீசுக்குத் திரும்பியபோது அக்கா சேலத்தில் இருந்து வந்திருந்தார். தங்கைக்குப் பெண் குழந்தை. முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் பார்த்ததைச் சொன்னேன். பொறுப்பாளரும் மழையைத்தான் காரணமாகச் சொன்னார்.

அக்கா சுவரில் மாட்டியிருந்த வரைபடத்துக்கு முன்னால் போய் நின்றார். அவர் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"சார், இந்த ஊத்துல பங்குனியிலயும் தண்ணி வந்துச்சுங்க. நான்தான கொடம் புடிச்சேன். வெச்ச கையை எடுக்கறதுக்குள்ள ரொம்பிருச்சு" என்றார். பிறகு விரலை வரைபடத்தின் கீழ் ஓரத்துக்கு நகர்த்தினார். நாங்கள் கடைசியாகப் போன இருபத்து மூன்றாவது ஊர். ரோட்டில் இருந்து இரண்டு மணி நேரம் இறங்க வேண்டிய இடம். அது வெளிர் மஞ்சளில் இருந்தது. "இங்கதானுங்க தண்ணியே இல்ல. குழிக்குள்ள எறங்கிக் கொட்டாங்குச்சியில மோந்து ஊத்தறாங்க. கொடம் ரொம்பறதுக்குள்ள நான் பக்கத்துல உக்காந்து தூங்கிட்டேன்."

நோட்டை எடுத்தோம். அக்காவின் உருண்டை எழுத்தில் எல்லாம் சரியாக இருந்தது. நான் கம்ப்யூட்டரில் ஏற்றிய எண்களைப் பார்த்தோம். அதுவும் சரி. பிறகு நிரலைத் திறந்து, ஒவ்வொரு ஊற்றுக்கும் அது எந்த அளவை எடுத்திருக்கிறது என்று வரிவரியாகத் திரையில் காட்டச் சொன்னேன். இரண்டாவது ஊருக்கு முதல் ஊரின் தண்ணீர். மூன்றாவது ஊருக்கு இரண்டாவது ஊரின் தண்ணீர். அப்படியே கடைசி வரை ஒவ்வொரு ஊரும் முந்தின ஊரின் தண்ணீரை வாங்கிக்கொண்டிருந்தது.

பூஜ்ஜியத்தில் தொடங்கியது பட்டியல் மட்டும் இல்லை. அந்த லைப்ரரி புள்ளிகளையும் பூஜ்ஜியத்தில் இருந்தேதான் எண்ணிக் கொடுத்திருக்கிறது. அங்கே கழிக்கத் தேவையே இருக்கவில்லை. நான் நோட்டின் எண்தான் வருகிறது என்று நினைத்து அதிலும் ஒன்றைக் கழித்திருக்கிறேன்.

அப்படியானால் முதல் ஊருக்கு முன்னால் ஊரே இல்லையே, நிரல் அங்கே திணறி நின்றிருக்க வேண்டுமே என்று யோசித்தேன். பூஜ்ஜியத்தில் ஒன்று போனால் மைனஸ் ஒன்று. நான் நிரல் எழுதிய மொழியில் மைனஸ் ஒன்றாவது இடத்தைக் கேட்டால் அது கோளாறு என்று சொல்லாது. பட்டியலின் கடைசியில் இருப்பதை எடுத்துக் கொடுக்கும். கடைசியில் இருந்து எண்ணுவதற்கு வசதியாக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். நான் கேட்டதை அது கொடுத்திருக்கிறது. இருபத்து மூன்றாவது ஊரின் வறட்சி முதல் ஊரின் தலையில் போய் உட்கார்ந்தது இப்படித்தான். மற்ற ஊர்களில் யாருக்கும் சந்தேகம் வராததற்கும் காரணம் இருந்தது. அடுத்தடுத்த ஊர்கள் பெரும்பாலும் ஒரே சரிவில் இருப்பவை, ஒரு ஊரின் தண்ணீருக்கும் பக்கத்து ஊரின் தண்ணீருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

திருத்துவதற்கு மூன்று எழுத்துகளை அழித்தால் போதுமாக இருந்தது. அழித்தேன். புதிய வரைபடம் வந்தது. அக்கா அதைக் கையில் வாங்கி ஒவ்வொரு ஊராக வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, "இப்பச் சரிங்க" என்றார்.

பொறுப்பாளர் பட்டனைத் திருகவில்லை. கைகளை மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"படத்த எத்தனை தடவ சரிபாத்தம்மா?"

"நாலு தடவ சார்."

"நோட்டோட?"

"நோட்டப் பக்கத்துல வெச்சுப் பாக்கல சார். எரர் வரல, அதனால..."

அறிக்கை ஏற்கெனவே பணம் கொடுப்பவர்களுக்குப் போய்விட்டது. அதில் அவருடைய கையெழுத்து இருந்தது. முதல் ஊருக்கே தொட்டியைக் கட்டிவிட்டு, கடைசி ஊருக்கு அடுத்த வருஷம் கேட்டு வாங்கலாமா என்று யோசித்தார். கொடுக்கிறேன் என்று சொன்னதை எப்படித் திரும்பக் கேட்பது என்பது அவருடைய கவலை. அது நியாயமான கவலைதான். இரண்டு நாள் அதைப் பற்றி எதுவும் சொல்லாமல் வந்து போனார். அந்த இரண்டு நாளில் நான் ராஜினாமாக் கடிதம் ஒன்று எழுதி வைத்திருந்தேன். மூன்றாம் நாள் காலையில் அவர் என்னைக் கூப்பிட்டு, திருத்த அறிக்கையை டைப் செய்யச் சொன்னார். தவறு எங்கே நடந்தது என்பதை ஒளிக்காமல் எழுதச் சொன்னார். "கணினிக் கோளாறுன்னு எழுதாத. கம்ப்யூட்டர் ஒண்ணும் பண்ணல" என்றார். கையெழுத்துப் போட்ட பிறகு, "ஊர்ல போய் நீயே சொல்லிடு. நானும் வரேன், ஆனா நீ சொல்லு" என்றார். என் கடிதத்தை நான் அவரிடம் கொடுக்கவேயில்லை.

அதே மரத்தடியில் மறுபடியும் கூட்டம். இந்த முறை பத்துப் பேர்தான் வந்தார்கள். கயிறு கட்டவில்லை, வரைபடத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டேன். பட்டியல், பூஜ்ஜியம் என்றெல்லாம் பேசாமல் நேராகச் சொன்னேன். "உங்க ஊத்து வத்தாதுங்க. இன்னொரு ஊரு கணக்க உங்க ஊருக்குப் போட்டுட்டேன். தப்பு என்னோடதுங்க. தொட்டி அந்த ஊருக்குத்தான் போகோணும்."

வாலிபர் ஒருவர் எழுந்து, தொட்டி வருகிறது என்று நம்பி இடத்தைச் சுத்தம் செய்ய மூன்று நாள் வேலை செய்தோமே, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். கோபம் நியாயமானது. பொறுப்பாளர் எழுந்து அவரிடம் மன்னிப்புக் கேட்டார். சித்திரையில் கேள்வி கேட்ட பெரியவர் என் பக்கம் பார்க்கவில்லை. அவரிடம் தனியாகப் போய், "நீங்க அன்னைக்கே சொன்னீங்க, நான் கேக்கல" என்றேன். "படிச்சவங்க சொல்றீங்க, நமக்கு என்னத்தத் தெரியும்னு இருந்துட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

வயல்கார அம்மா கூட்டத்துக்கு வரவில்லை. தேடிக்கொண்டு வயலுக்கே போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் மண்வெட்டியைச் சாய்த்துவைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தார்.

"அப்ப வத்தாதுங்களா?"

"வத்தாதுங்க."

"நல்லாத் தெரியுமா கண்ணு?"

"எனக்குத் தெரியாதுங்க. இத்தன வருசமா வத்தலன்னு உங்களுக்குத்தான் தெரியும். நாங்க அளந்ததும் அதேதான் சொல்லுது" என்றேன்.

அவர் எழுந்து ஊற்று வரைக்கும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மூன்று வாரம் தள்ளிப்போய்விட்டது, இனி விட்டால் அறுப்பு பனியில் மாட்டும் என்றார். ஆனாலும் இரண்டு வயலில் மட்டும் விடலாம் என்று கணக்குப் போட்டார். எந்த நெல், யார் வீட்டில் விதை மிச்சம் இருக்கும் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார். நான் அங்கே நிற்பதை மறந்துவிட்டார் என்று தோன்றியது. அவருடைய மற்ற இரண்டு வயலும் அந்த வருஷம் தரிசாகவே கிடந்தன.

கடைசி ஊருக்கு நானும் அக்காவும் போனோம். ஒரு பலாப்பழத்தை அறுத்துவைத்து உபசரித்தார்கள். தொட்டி உங்களுக்குத்தான் என்று சொன்னபோது, முன்பு தங்கள் பெயர் ஏன் விட்டுப்போயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. விட்டுப்போவது அவர்களுக்குப் பழக்கமாக இருந்திருக்க வேண்டும். நானாகவே சொன்னேன். ஒரு பெண் பலாச்சுளையை என் கையில் வைத்து, "சரி கண்ணு, இப்ப வந்துட்டீங்கல்ல" என்றார். அந்த இரண்டு மணி நேர வழியில் சிமெண்டு மூட்டைகளை அவர்கள்தான் தலையில் சுமந்து இறக்கினார்கள். தொட்டி ஐப்பசியில் முடிந்தது.

தை மாதம் கடைசியில் முதல் ஊர் வழியாக ஒரு வேலைக்குப் போனேன். மற்ற ஊர்களில் அறுப்பு முடிந்து வைக்கோல் போர் போட்டிருந்தார்கள். அந்த அம்மாவின் இரண்டு வயலில் அன்றுதான் அறுத்துக்கொண்டிருந்தார்கள். கதிர் அவ்வளவு திரட்சியாக இல்லை என்று எனக்கே தெரிந்தது. என்னைப் பார்த்ததும் கையைக் காட்டி, இரு என்றார். நான் ரோட்டோரமாக நின்றேன். கையில் இருந்த கட்டைக் கீழே போட்டுவிட்டு அவர் மெதுவாக மேலே ஏறி வந்து, "ஊத்து வத்தல கண்ணு" என்றார்.